பத்துக் கதவு லயமும் ஏழு கதவுப் படமும்

நெட்டைக்கல் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஓடுகிற வரிசை வீட்டில், இருந்த மூன்று குடும்பங்களுக்கு வீடு இல்லை என்று சொல்லப்படுவதற்குச் சிவநேசன் சேர்தான் காரணம். மழை காரணமல்ல. மண்சரிவும் காரணமல்ல. அது குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த பத்துக் காம்பராவையும் ஒன்றுபோலத்தான் கொண்டுபோனது. அதில் மூன்று காம்பரா இருந்ததே இல்லை என்று ஆக்கியது சேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படம். அந்தப் படம் பிழை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்.

இதை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. ஹட்டனில் கெமரா வேலை செய்கிற பிள்ளைகள் சேர்ந்து ஓர் இதழ் நடத்துகிறார்கள். போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, அந்த அகலப்படமெல்லாம் எப்படி எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. இப்ப கைப்போன ஒரு சுத்து சுத்துனா படம் வந்துருது. அதுக்கு முன்னாடி என்னா செஞ்சாங்கன்னு எங்களுக்கே தெரியல."

எழுதித் தருகிறேன் என்றேன். எப்படி எடுத்தோம் என்று எழுதினால் எப்படிக் கெடுத்தோம் என்றும் எழுதுவேன், அதற்குச் சம்மதம் என்றால் போடுங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் போடுங்கள் என்றும் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாமல் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முதலில் கூட்டிப் பெருக்கினேன், பிறகு படச்சுருளில் முகத்துப் புள்ளிகளைப் பென்சிலால் மறைத்தேன், பிறகு கெமராவைக் கையில் கொடுத்தார்கள். சடங்கு வீட்டுக்குப் பெண் வந்து படம் எடுத்தால் நல்லது என்று தோட்டங்களில் என்னைத்தான் கேட்பார்கள். அப்படியே வருடங்கள் போயின. டிஜிட்டல் கெமரா வந்ததும் ஸ்டூடியோக்காரர் கடையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். தம்பிக்கு என்னைப் பிடிக்கவில்லை. நான் நுவரெலியாவுக்குப் போனேன்.

அங்கே பஸ் நிலையத்துக்கு மேலே இரண்டு அறையில் சிவநேசன் சேர் ஒரு தொழில் நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நில அளவை வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, எதிர் மலையில் நின்று ஒரு மலை முழுவதையும் ஒரே நீளப் படமாக எடுத்துக் கொடுக்கிற வேலையைத் தொடங்கியிருந்தார். தோட்டக் கம்பனிகள், ஹோட்டல்காரர்கள், பாதை போடுகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். பனோரமா என்று இப்போது சொல்வதை நாங்கள் அகலப்படம் என்போம். ஒவ்வொரு படத்தின் கீழும் சேர் 'இடத்தில் உள்ளபடி' என்று எழுதி, பெயரை எழுதி, கையெழுத்துப் போடுவார். வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் கம்பனிகள் அவரிடம் வந்தன.

அவரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். கையை மடித்துவிடாத வெள்ளைச் சட்டையோடும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடும்தான் மலை ஏறுவார். அட்டை ஏறாமலிருக்கக் கால் மேசுக்கு மேலே சவர்க்காரம் பூசுவார், எங்களையும் பூசச் சொல்வார். கெமரா சுழல்கிற நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் திட்ட மாட்டார், முதலிலிருந்து தொடங்குவார். அது திட்டைவிட மோசம்.

நான் போன முதல் நாள் முக்காலியை நிறுத்திவிட்டு நின்றேன்.

"பிள்ளை, மட்டம் பாத்தனீரோ?"

"பாத்தேன் சேர்."

"எதைக் கொண்டு பாத்தனீர்?"

"கண்ணாலதான் சேர்."

"மலையில கண்ணை நம்பக் கூடாது. பிறந்ததில இருந்து சரிவைப் பாத்த கண். அது சரிவைத்தான் மட்டம் எண்டு சொல்லும். குமிழைப் பாரும்."

முக்காலித் தலையில் இருந்த மட்டக் குமிழைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் அது ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து நான் கண்ணால் மட்டம் பார்த்ததில்லை.

இனி எடுக்கிற முறை. பிள்ளைகள் கேட்டது இதைத்தான்.

கெமராவைக் குறுக்காக வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்போது வானமும் பள்ளமும் இரண்டும் அடங்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டாது. வெளிச்சம், நிறம், குவியம் எல்லாவற்றையும் முதல் படத்துக்கு முன்பே பூட்டிவிட வேண்டும். கெமராவின் இஷ்டத்துக்கு விட்டால் தேயிலைப் பக்கம் திரும்பும்போது வெளிச்சத்தைக் கூட்டும், வானத்தின் பக்கம் திரும்பும்போது குறைக்கும். ஒட்டிப் பார்த்தால் மலை ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி இருக்கும்.

அடுத்தது சுழலும் இடம். கெமரா முக்காலித் தண்டின் மேல் சுழல்கிறது, ஆனால் அது பார்க்கிற இடம் லென்ஸுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒன்றுக்கொன்று நகரும். சேர் இதற்குக் குடையைத்தான் பாவித்தார். குடையைக் கெமராவுக்கு முன்னால் மண்ணில் குத்துவார். அதன் நுனியையும் எதிர் மலையில் தெரிகிற தொழிற்சாலைப் புகைக்குழாயையும் ஒரே கோட்டில் பிடிக்கச் சொல்வார். கெமராவை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். குடை நுனி புகைக்குழாயை விட்டு விலகினால் கெமராவைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். மறுபடி திருப்ப வேண்டும். விலகாத இடம் வரும் வரைக்கும் மழை பெய்தாலும் குடை மண்ணில்தான் நிற்கும், நாங்கள் நனைவோம்.

தொடங்கும்போது கெமராவுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டி ஒரு படம். முடிக்கும்போது புறங்கையைக் காட்டி ஒரு படம். எந்தப் படத்திலிருந்து எந்தப் படம் வரை ஒரு தொகுதி என்று பிறகு தேட வேண்டாம்.

மேகம் போகிற பக்கமாகக் கெமராவைத் திருப்பக் கூடாது. மேகம் கூடவே வரும், எல்லாப் படத்திலும் விழும். எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ராகலையில் பனிமூட்டம் விலகும் வரை பல நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறோம். வந்ததுக்கு எதையாவது எடுப்போம் என்று சேர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆட்களும் மேகம் மாதிரித்தான். ராகலைப் பக்கம் ஒரு மலையை எடுத்தபோது கொழுந்து எடுக்கிற பெண்கள் நிரையில் நின்றார்கள். செல்லத்தாய் என்று ஒருத்தி, கை வேகமானவள், கெமரா திரும்பிய பக்கமாகவே நிரையில் போய்க்கொண்டிருந்தாள். ஒட்டிப் பார்த்தால் ஒரே மலையில் மூன்று இடத்தில் நிற்கிறாள். மத்தியானம் அவர்கள் கொழுந்து நிறுக்க வந்தபோது மடிக்கணினியில் காட்டினேன்.

"பாத்தீங்களாடி, மூனு பேரு வேலைய நான் ஒருத்தியே செய்றேன்" என்றாள் செல்லத்தாய்.

"ஒரு செல்லத்தாயவே எங்களால தாங்க முடியல. அந்த ரெண்ட அழிச்சிருங்க மிஸ்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேர் சிரிக்கவில்லை.

"ஒரு ஆள் மூண்டு ஆளாகலாம் எண்டால் மூண்டு ஆள் ஒரு ஆளாகவும் ஏலும். நாளைக்கு வந்து திருப்பி எடுப்பம்" என்றார். அடுத்த நாள் அந்த மலைக்குத் திரும்பவும் ஏறினோம். அப்படி ஒரு ஆள் அவர். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். வேலை தெரியாதவன் கெடுத்தால் விட்டுவிடலாம்.

லயத்தை எடுக்கிற முறையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நீளமான லயமொன்று மலையின் நடுவில் இருந்தது. படத்தை ஒட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சேர் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த லயம் கட்டையாப் போச்சு பிள்ளை" என்றார். தனிப்படங்களை எடுத்துக் கதவுகளை எண்ணினோம். ஒட்டிய படத்தில் இரண்டு கதவு குறைந்திருந்தது.

ஏன் என்று அவர் சொன்னது இது. கம்ப்யூட்டருக்கு லயம் தெரியாது, வீடு தெரியாது. ஒரு படத்தில் உள்ள அடையாளத்தை அடுத்த படத்தில் தேடும், ஒன்றுபோல இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒட்டும். லயத்தில் எல்லாக் கதவும் ஒரே கதவு, எல்லா ஜன்னலும் ஒரே ஜன்னல், கீழே தேயிலை நிரையும் ஒரே நிரை. அது நாலாவது கதவை ஆறாவது கதவு என்று நினைத்து அதன் மேலே போட்டுவிடும். இடையில் உள்ளது காணாமல் போகும். ஒட்டிய இடமும் தெரியாது. வெள்ளைக்காரன் நம்மை அடைக்கக் கட்டிய வரிசை, கம்ப்யூட்டருக்கே ஆள் பிரித்துப் பார்க்க முடியாத வரிசை.

அதற்குப் பிறகு சேர் ஒரு சட்டம் போட்டார். துணி காயப்போட்டிருக்கிற நாளில்தான் லயத்தை எடுக்க வேண்டும். ஒரு வாசலில் சிவப்புச் சேலை, அடுத்த வாசலில் கோடு போட்ட சாரம், அடுத்ததில் கம்பளி என்று தொங்கினால் கம்ப்யூட்டருக்கு வீட்டுக்கு வீடு வித்தியாசம் கிடைக்கும். முதல் தடவை சனிக்கிழமை போனோம். லயம் முழுவதும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தொங்கியது. மறுபடியும் எல்லாம் ஒன்று. அதிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற கிழமை நாளில் போவோம். நான் முதல் நாளே போய்ப் பெண்களிடம் சொல்லிவிட்டு வருவேன்.

"படம் எடுக்க வர்றவங்க எல்லாம் துணிய எடுத்து உள்ள போடச் சொல்வாங்க. நீங்க என்னா மிஸ், தொவச்சுக் காயப்போடச் சொல்றீங்க?"

"வேற வேற கலர்ல போடுங்க. அது போதும்."

"கலர்ல எங்க மிஸ் போறது? எல்லாம் சாயம் போயி ஒரே கலராத்தான் கெடக்கு."

இப்படிப் பேசிக்கொண்டே போடுவார்கள். அந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் படத்தில் ஒரு கதவும் குறையவில்லை, நெட்டைக்கல் வரை.

நெட்டைக்கல் தோட்டம் நுவரெலியாவுக்குக் கிழக்கே உள்ளது. கம்பனி அங்கே பழைய பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றியது. வரவேற்பறைச் சுவர் முழுவதும் தோட்டத்து மலையின் அகலப்படம் வேண்டும் என்று கேட்டது. அந்த மலையில் தேயிலைக்கு நடுவே மேல் லயம் இருந்தது. பத்துக் காம்பரா. மலையின் வளைவோடு சேர்ந்து நடுவில் கொஞ்சம் வளைந்த லயம்.

நான் முதல் நாளே போனேன். அங்கே வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. சுவருக்கெல்லாம் ஒரே வெள்ளை அடித்திருந்தார்கள். கதவுக்கெல்லாம் ஒரே பச்சை. வாசலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாய், விறகு, கோழிக்கூடு எல்லாவற்றையும் பின்னுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். கொடிக் கயிற்றையும் அவிழ்த்தாயிற்று. புஷ்பம் என்கிற பெண் ஈரத்துணி வாளியோடு வாசலில் நின்றாள். லயத்தின் கடைசிப் பக்கத்துக் காம்பராவில் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தவள்.

"என்னாங்க மிஸ் இது, கல்யாணமா எழவா? தொவச்ச துணிய உள்ள கொண்டு போகச் சொல்றாங்க. உள்ள அடுப்பு இருக்கு, ஆளு இருக்கோம். இத எங்க போடுறது, தலையிலயா?"

நான் தோட்ட மனேஜரான துரையிடம் போனேன். துணி வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மிஸ், இது வெள்ளைக்காரன் வந்து பார்க்கிற படம். கிழிஞ்ச துணி எல்லாம் வேணாம். ஒரே மாதிரி, சுத்தமா இருக்கணும்."

"ஒரே மாதிரி இருந்தா படம் பிழையாப் போயிரும் சார்."

"அது உங்க வேலைதானே."

சேருக்குப் போன் எடுத்தேன். வந்து சொல்லுவார், மாட்டேன் என்பார், கெமராவை மூடிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். மறுநாள் வந்தார். துரையோடு பங்களாவில் தேநீர் குடித்தார். வந்து என்னிடம், "எடும் பிள்ளை" என்றார்.

"துணி இல்லையே சேர்."

"பாத்து ஒட்டலாம். எடும்."

எடுத்தோம். குடை, குமிழ், பூட்டு, உள்ளங்கை, புறங்கை எல்லாம் முறைப்படி. ஒட்டினேன். கம்ப்யூட்டர் ஏழு கதவு காட்டியது.

நான் லயத்தில் பிறந்தவள். லயத்தைப் பார்த்தால் கண் தானாகக் கதவை எண்ணும். கம்ப்யூட்டர் போட்ட ஒட்டுகளை அழித்துவிட்டுக் கையால் அடையாளம் தேடினேன். வெள்ளையடித்த சுவரில் வெடிப்பு, கூரையில் துருப்பிடித்த ஒரு தகரம், வாசலுக்கு முன்னால் ஒரு கல். இவற்றைப் பிடித்து ஒவ்வொரு படமாக வைத்தேன். பத்துக் கதவும் வந்தன. லயம் உள்ளபடி நடுவில் வளைந்து வந்தது.

இரண்டையும் சேரின் மேசையில் வைத்தேன். ஏழு கதவுப் படத்தில் லயம் நேராக, கோடு போட்ட மாதிரி இருந்தது. வளைந்த இடத்தைத்தான் கம்ப்யூட்டர் விழுங்கியிருந்தது.

"இது வளைஞ்சு கிடக்கு" என்றார் பத்துக் கதவைக் காட்டி.

"லயமே வளைஞ்சுதான் சேர் கெடக்கு."

அவர் பென்சிலை எடுத்தார். நுனியை ஒவ்வொரு கதவின் மேலும் வைத்தார். பத்து. மற்றதையும் எண்ணினார். ஏழு. என் முன்னால் எண்ணினார். இதைத்தான் நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார் என்கிறேன்.

"சுவரில மாட்டுறதுக்குத்தானே பிள்ளை. ஆர் கதவை எண்ணப் போகினம்? வடிவான படத்தைக் குடுப்பம்."

"குடுக்கிறதுன்னா குடுங்க சேர். கீழ அந்த வரியை எழுதாதீங்க."

கம்பனிக்கு ஏழு கதவுப் படம் போனது. பங்களா திறந்த நாளில் நான் அதைப் பார்த்தேன். கீழே 'இடத்தில் உள்ளபடி' என்று இருந்தது, அவர் கையெழுத்தோடு.

பிறகு சில வருடம் வேலை செய்தேன். போனில் எல்லோரும் எடுக்கத் தொடங்கினார்கள், எங்களுக்கு வேலை குறைந்தது. முழங்கால் வலியும் வந்தது. சேர் தொழிலை மூடினார், நான் வீட்டுக்கு வந்தேன். அந்த அலுவலகத்தில் யாரும் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறவில்லை. எல்லாத் தனிப்படங்களும் சேரின் டிஸ்க்குகளில் இருந்தன, அவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

போன பெருமழையில் நெட்டைக்கல் மேல் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்தது. பகலில் கல் உருளத் தொடங்கியதும் எல்லோரும் பிள்ளைகளோடு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டார்கள். உயிர் தப்பியது. லயம் தப்பவில்லை. இப்போது அங்கே போனால் சிவப்பு மண்தான் தெரியும், ஒரு சுவர் கூட இல்லை.

அந்த லயத்து ஆட்களுக்குக் கீழ் மலையில் தனித்தனி வீடு கட்டுவதாக முடிவானது. எத்தனை வீடு என்பதில்தான் பிரச்சினை வந்தது. எங்கள் தோட்டங்களில் காம்பராவுக்கு முகவரி கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். மகன் கல்யாணம் செய்து தனிக் காம்பராவுக்குப் போனாலும் பதிவில் அப்பாவோடுதான் இருப்பான். புஷ்பத்தின் புருஷன் பதிவும் அவன் அப்பா பெயரோடுதான் இருந்தது. மற்ற இரண்டு குடும்பமும் அப்படித்தான், பத்துக் குடும்பத்துக்குப் பதிவு ஏழுதான். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி அந்த லயம். அது மண்ணுக்குள் போய்விட்டது.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்னை வரச் சொன்னதால் நானும் போனேன். கம்பனி ஆட்கள் பங்களாச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் சாத்தியிருந்தார்கள். அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி குனிந்து எண்ணினார்.

"ஏழு வீடுதானே இருக்கு?"

"பத்துங்க சார்" என்றாள் புஷ்பம். "நாங்க இருந்தோம்ல. நான் அங்கதான் ரெண்டு புள்ளையும் பெத்தேன்."

"படத்தில் இல்லையே அம்மா."

"படத்துல இல்லாட்டி நான் எங்க சார் இருந்தேன், மரத்துலயா?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து, வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு எடுத்த படத்தைக் காட்டினாள். பச்சைக் கதவு, வெள்ளைச் சுவர். கம்பனி ஆள் பார்த்துவிட்டு, இது எந்தக் கதவாகவும் இருக்கலாம், மாமனார் வீட்டுக் கதவாகவும் இருக்கலாம் என்றார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே தகரக் கூரைதான் தெரிகிறது, கடைசிப் பக்கம் பழைய சாமான் அறை இருந்திருக்கும் என்றார்.

நான் எழுந்து, இந்தப் படம் பிழை, ஒட்டும்போது மூன்று காம்பரா விழுந்துவிட்டது, ஒட்டியவள் நான்தான் என்றேன். எப்படி விழும் என்று விளக்கினேன். அதிகாரி கவனமாகத்தான் கேட்டார். கம்பனி ஆள் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒட்டுன படம் பிழையாகலாம்னா, நீங்க பத்துன்னு ஒட்டுனதும் பிழையாகலாம்தானே?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆகலாம் என்றேன். அதனால்தான் ஒட்டாத தனிப்படங்களைப் பார்க்க வேண்டும், அவற்றில் பொய்க்கு இடமில்லை, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளையும் எண்ணும் என்றேன்.

"அவை எங்கே?"

"சிவநேசன் சேரிடம்."

கொண்டுவந்தால் பார்ப்போம், அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார் அதிகாரி. கீழே 'இடத்தில் உள்ளபடி' என்று கையெழுத்துப் போட்டவர் அது பிழை என்று சொல்லாதவரை தன்னால் மாற்ற முடியாது என்றும் சொன்னார்.

நான் நுவரெலியாவுக்குப் போனேன். சேர் மெலிந்திருந்தார். சட்டை அதே வெள்ளைச் சட்டைதான். என்னை உட்கார வைத்து, தானே தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார், குறுக்கே பேசவில்லை.

"டிஸ்க் இருக்கா சேர்? பழுதாப் போச்சா?"

"கிடக்கு." அலுமாரியைக் காட்டினார். "பிஸ்கட் பேணிக்குள்ள, அரிசி போட்டு வைச்சிருக்கிறன். ஈரம் பிடிக்காது."

"தாருங்க சேர்."

"தரேலாது பிள்ளை."

"ஏன் சேர்?"

"கீழ என்ர பேர் கிடக்கு. இதொண்டு பிழையெண்டு நானே வாயால சொன்னா, நான் எடுத்த அவ்வளவும் பிழையெண்டு சொல்லுவாங்கள். எத்தினை எல்லைத் தகராறுக்கு என்ர படத்தை வைச்சுத் தீர்த்திருக்கினம் எண்டு உமக்குத் தெரியும். எல்லாத்தையும் திருப்பிக் கிளறுவாங்கள்."

"அப்ப அந்த மூனு குடும்பம்?"

"அவைக்கு வேற ஏதும் வழியில குடுப்பினம்."

"எந்த வழி சேர்?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி ஆறுது. குடியும்" என்றார்.

குடித்தேன். தூரத்திலிருந்து வந்தவளுக்குத் தாகம். குடித்துவிட்டு, நான் இதை எழுதுவேன் என்று சொன்னேன். எழுதும் என்றார். கோபப்படவில்லை. வாசல் வரை வந்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

வயதான மனிதரைப் பெயர் சொல்லி எழுதலாமா என்று இந்த இதழின் பிள்ளைகளில் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த வேலையில் பாதிக்கு மேல் அவர் கொடுத்தது. அதை மறைக்கவில்லை, மேலே எழுதியிருக்கிறேன். புஷ்பத்துக்கும் வயது போகிறது. அவள் இன்னும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு சீலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். பகலில் பாடம் நடக்கும்போது பாயைச் சுருட்டி ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போகிறாள். கீழ் மலையில் ஏழு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் இன்னும் மூன்றுக்கு இடம் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன். அடுத்த கூட்டம் முடிந்தால் அந்த இடத்தில் மரக்கறித் தோட்டம் போடப்போவதாகப் பேச்சு.

எல்லைத் தகராறுகள் கிளறப்படும் என்று சேர் பயப்படுகிறார். கிளறட்டும். சரியான படம் எத்தனை தடவை கிளறினாலும் சரியாகத்தான் இருக்கும், அவருடைய தனிப்படங்களே காட்டிக்கொடுக்கும். பிழையான ஒன்றை மூடிவைக்கிற வரைக்கும்தான் மற்றவற்றின் மேல் சந்தேகம் விழும். இதைப் புரியாதவர் அல்ல அவர்.

சிவநேசன் சேர், இனி உங்கள் வீட்டுக்கு வந்து கேட்க மாட்டேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் கேட்கிறேன். நெட்டைக்கல் மேல் லயத்தின் படங்களை என் முன்னால் எண்ணினீர்களா, இல்லையா? எண்ணினீர்கள் என்றால் எத்தனை கதவு? ஏழு கதவுப் படத்தின் கீழ் 'இடத்தில் உள்ளபடி' என்று எழுதியபோது அது உள்ளபடி இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் சொன்னதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொல்லுங்கள், நான் இதே இதழில் மன்னிப்புக் கேட்கிறேன். பொய் இல்லை என்றால், அடுத்த கூட்டத்துக்கு டிஸ்க்கோடு வாருங்கள், அதிகாரிக்கும் கம்பனிக்கும் அந்த மூன்று குடும்பத்துக்கும் முன்னால் தனிப்படங்களைத் திறந்து காட்டுங்கள். வர முடியாவிட்டால் இந்த இதழுக்கு எழுதுங்கள். ஒரு வரி போதும். கீழே உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும்.